எங்க ஊருக்கு அடியிலா? கரியமில வாயுவைப் புதைக்கப் போன கதைகள் தெரியுமா!

ஒரு வாயுவால் ஒரு நாட்டின் பிரதமர் பதவி இழந்தார், தெரியுமா? போர் இல்லை, ஊழல் இல்லை, விலைவாசி இல்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நார்வேயில் நடந்தது இது. இயற்கை எரிவாயுவில் ஓடும் மின் நிலையங்களைக் கட்டியே தீரவேண்டும் என்றது நாடாளுமன்றப் பெரும்பான்மை. புகைபோக்கி வழியாகப் போகும் கரியமில வாயுவைப் பிடித்து நிறுத்தும் தொழில்நுட்பம் கைக்கு வரட்டும், அதுவரை பொறுப்போம் என்றார் பிரதமர் பொண்டெவிக். வாக்கெடுப்பு நடந்தது, தோற்றார், ராஜினாமா செய்தார். காலநிலைப் பிரச்சினையால் கவிழ்ந்த முதல் அரசு இதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

அதே நார்வே, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வட கடலின் தரைக்கு அடியில் கரியமில வாயுவைப் புதைக்க ஆரம்பித்துவிட்டது என்பது அடுத்த வியப்பு! ஸ்லைப்னர் என்ற எரிவாயு வயல். அங்கே பூமியிலிருந்து மேலே வரும் எரிவாயுவிலேயே சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது. விற்பதென்றால் அதை 2.5 சதவீதத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டால், 1991-இல் நார்வே போட்ட கார்பன் வரியைக் கட்ட வேண்டும். புதைத்துவிட்டால் வரி மிச்சம்! 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வீதம் கடலடி மணற்பாறைக்குள் இறக்கினார்கள். ஒரே ஒரு வரி செய்த வேலை இது.

புதைப்பது என்றால் பள்ளம் தோண்டி மூடுவதல்ல. வாயுவை அழுத்தி, குழாய் வழியாக 800 மீட்டருக்கும் கீழே அனுப்புகிறார்கள். அந்த ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியமில வாயு, வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் இரண்டின் குணமும் கொண்ட ஒரு நிலைக்குப் போய்விடும். தரையில் 1,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வாயு, அங்கே சுமார் 3 லிட்டருக்குள் சுருண்டுவிடும்! மணற்பாறையின் நுண்துளைகளில் அது போய் உட்கார, மேலே களிப்பாறை ஒன்று மூடிபோலத் தடுத்து நிற்கும். நன்றாகத் தேர்ந்தெடுத்த இடமாக இருந்தால், 1,000 ஆண்டுகள் ஆனாலும் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே இருக்க வாய்ப்புண்டு என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2005-இல் சொன்னது. இயற்கையே இதைச் செய்து காட்டியிருக்கிறது: அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிராவோ டோம் என்ற இடத்தில், எரிமலை வழியாக வந்த கரியமில வாயு 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்கடியில் அடைபட்டுக் கிடக்கிறது.

பிடித்த வாயுவைப் புதைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நம் தூத்துக்குடியிலேயே ஒரு ரசாயன ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாட்டை 2016-இல் தொடங்கியது. அரசு மானியம் இல்லாமல்! உலகப் பத்திரிகைகளெல்லாம் தூத்துக்குடியைப் பற்றி எழுதின. ஆனால் உலகம் வெளியேற்றும் வாயுவோ ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி டன். அத்தனைக்கும் சோடா உப்பு தயாரிக்க முடியாது. பெரும்பகுதியைப் புதைத்தாக வேண்டும் என்ற கட்டம் வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: யார் ஊருக்கு அடியில்?

இந்தக் கேள்விக்கு உலகின் பல ஊர்கள் சொன்ன பதில்கள் பாறையைவிட, குழாயைவிட, அழுத்த மானியைவிட ஆச்சரியமானவை. பொறியாளர்கள் பச்சைக்கொடி காட்டியும் ஊர் மறுத்ததால் நின்றுபோன திட்டங்கள் உண்டு. எங்களுக்குத்தான் வேண்டும் என்று போட்டி போட்ட ஊர்களும் உண்டு!

கேள்விப்பட்டதில்லை, ஆனால் கருத்து உண்டு!

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் கேட்டபோது, கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பது பற்றிக் கேள்விப்பட்டவர்கள் 100-க்கு 4 பேர்கூட இல்லை. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் 12 நாடுகளில் சுமார் 13,000 பேரிடம் கேட்டது. கேள்விப்பட்டிருக்கிறேன், என்னவென்றும் தெரியும் என்றவர்கள் வெறும் 10 சதவீதம்! ஆனால் உங்கள் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு கிடங்கு வந்தால் என்ற கேள்விக்கு, கவலைப்படுவோம் என்றவர்கள் 61 சதவீதம்.

அப்படியென்றால் ஒன்றும் தெரியாதவர்கள் சொல்லும் கருத்துக்கு என்ன எடை? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே குடைந்து பார்த்தார்கள். அவர்கள் கண்டது மலைக்க வைக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் பற்றி ஒன்றும் அறியாதவர்களிடம் கேட்டாலும், தெரியாது என்று சொல்லாமல் பெரும்பாலோர் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கருத்து சற்று நேரத்தில் மாறிவிடுகிறது. சம்பந்தமில்லாத ஒரு துளித் தகவலைக் கொடுத்தாலும் மாறுகிறது. பதில் சொல்பவரின் அப்போதைய மனநிலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட மாறுகிறது! இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு என்று வரும் கருத்துக்கணிப்புகளை இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். விவரம் முழுவதையும் கொடுத்து, சாதக பாதகங்களை எடைபோட நேரமும் கொடுத்துக் கேட்டபோது கிடைத்த கருத்துகள் நிலையாக நின்றன.

ஒரு நகரம் ஒரு ராட்சச நிறுவனத்தை நிறுத்திய கதை

ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பாரன்ட்ரெக்ட் என்று ஒரு நகரம். நடுத்தர வர்க்கக் குடும்பங்கள், சின்னச் சின்னத் தோட்டங்கள் கொண்ட வீடுகள். வீடுகளுக்கு அடியில் எரிவாயு எடுத்துத் தீர்ந்த இரண்டு வயல்கள். பக்கத்திலேயே பெர்னிஸ் என்ற இடத்தில் ஷெல் நிறுவனத்தின் பிரம்மாண்டமான சுத்திகரிப்பு ஆலை. அங்கே வெளியேறும் வாயுவில் ஒரு பகுதி ஏறக்குறைய சுத்தமான கரியமில வாயு. பிடிக்கும் செலவு குறைவு, குழாய் தூரமும் குறைவு, காலியான வயலும் தயார். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது! மொத்தம் சுமார் 1 கோடி டன் வாயுவை இறக்குவதாகத் திட்டம். அரசும் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது.

2008 பிப்ரவரியில் முதல் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? இது வெடிக்குமா என்று மட்டும் கேட்கவில்லை. உலகிலேயே ஜனநெருக்கடி மிகுந்த நாடுகளில் ஒன்றில், இத்தனை வீடுகளுக்கு அடியில் ஏன் முதலில் சோதிக்கிறீர்கள்? கடலுக்கு அடியில் காலி வயல்கள் இருக்கின்றனவே? எங்கள் வீட்டின் விலை என்ன ஆகும்? லாபம் யாருக்கு? எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு எங்களிடம் எதற்கு வருகிறீர்கள்?

கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பாரன்ட்ரெக்ட் ஏற்கெனவே நாட்டுக்காக நிறையச் சுமந்த ஊர். ஜெர்மனிக்குப் போகும் சரக்கு ரயில் பாதை, அதிவேக ரயில் பாதை, உள்ளூர் ரயில் எல்லாம் சேர்ந்து ஒன்பது தண்டவாளங்கள் நகரத்தின் நடுவே ஓடுகின்றன. இரைச்சல் தாங்க முடியாமல் அவற்றின் மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரையே போட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் நெடுஞ்சாலை வேறு. இப்போது வீட்டுக்குக் கீழேயும் ஒன்று.

நகர மன்றம் எதிர்த்தது. 2009 நவம்பரில் தேசிய அரசு, பரவாயில்லை, நடக்கட்டும் என்று தீர்மானித்தது. அடுத்த மாதம் இரண்டு அமைச்சர்கள் நேரில் வந்து விளக்கப் பார்த்தார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது, கூச்சலும் எதிர்ப்புக் குரல்களும் ஓயவில்லை. விளக்கம் எடுபடவில்லை. 2010 நவம்பரில் புதிய அமைச்சர் மாக்சிம் வெர்ஹாகன் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். காரணம் என்ன சொன்னார்? பாறை சரியில்லை என்றல்ல. தாமதம், உள்ளூர் ஆதரவு இல்லை. அதோடு நிற்காமல், அடுத்த சில மாதங்களில் வடக்கு நெதர்லாந்தில் தரைக்கு அடியில் வாயுவைப் புதைக்கும் யோசனையும் கைவிடப்பட்டது!

பிற்பாடு ஆய்வாளர்கள் பாரன்ட்ரெக்ட்வாசிகள் 811 பேரிடம் விரிவாகக் கேட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பு பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல. வீட்டின் மதிப்பு பற்றிய கவலையும், முடிவெடுத்த விதம் நியாயமில்லை என்ற மனக்குறையும் எதிர்ப்போடு சேர்ந்தே நின்றன. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. மக்களுக்கு அறிவியல் புரியவில்லை, இன்னும் நாலு துண்டுப்பிரசுரம் அடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பாரன்ட்ரெக்ட்டில் மக்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. தங்களைக் கேட்கவில்லை என்பதும் புரிந்திருந்தது.

அந்த ஊர் கேட்ட கேள்விக்கு இப்போது என்ன நடந்திருக்கிறது, தெரியுமா? கடலுக்கு அடியில் ஏன் போகக் கூடாது என்று கேட்டார்களே, அங்கேதான் போகிறார்கள்! போர்த்தோஸ் என்ற திட்டம். ரோட்டர்டாம் துறைமுகத்து ஆலைகளின் வாயுவை, கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, வட கடலின் காலி எரிவாயு வயல்களில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் வீதம் இறக்கும் ஏற்பாடு. 2023 அக்டோபரில் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். வாயுவைக் கொடுக்கப்போகும் நிறுவனங்களில் ஷெல்லும் ஒன்று.

ஒரே மாநிலம், இரண்டு பதில்கள்

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலம். பெர்லினுக்கு மேற்கே கெட்சின் என்ற சிற்றூரில் 2008 முதல் 2013 வரை சுமார் 67,000 டன் கரியமில வாயுவை விஞ்ஞானிகள் மண்ணுக்கடியில் இறக்கினார்கள். பெரும்பகுதி எந்த வாயு தெரியுமா? சோடா பாட்டிலில் அடைக்கும் அதே உணவுத் தர வாயு! நடத்தியது போட்ஸ்டாமிலுள்ள புவி அறிவியல் ஆராய்ச்சி மையம். வந்து பாருங்கள் என்று கதவைத் திறந்து வைத்தார்கள், சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார்கள். அந்த ஊருக்கு அடியில் பல பத்தாண்டுகள் எரிவாயு சேமித்து வைத்த பழக்கமும் இருந்தது. பெரிய எதிர்ப்பே இல்லை.

அதே மாநிலத்தின் கிழக்கே பீஸ்கோ, நொய்ட்ரெபின் பகுதிகளில், நிலக்கரி மின் நிலையத்தின் வாயுவைப் புதைக்க வாட்டன்ஃபால் நிறுவனம் வந்தபோது ஊரே திரண்டது. விவசாயிகள், பாதிரியார்கள், மேயர்கள். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனிலும் அப்படியே. 2011 டிசம்பரில் வாட்டன்ஃபால் திட்டத்தைக் கைவிட்டது. 2012-இல் ஜெர்மனி போட்ட சட்டத்தில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 40 லட்சம் டன்தான் உச்சவரம்பு, எங்கள் மாநிலத்தில் வேண்டாம் என்று மாநிலங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வழி! அளவு வேறு, நோக்கம் வேறு என்பது சரி. ஒன்று ஆராய்ச்சி, மற்றொன்று நிலக்கரியின் ஆயுளை நீட்டிக்கும் தொழில். மக்கள் அந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

பிரான்சின் தென்மேற்கிலும் ஒரு சுவாரசியம். ஜுரான்சோன் என்ற புகழ்பெற்ற ஒயின் விளையும் குன்றுகளுக்கு 4,500 மீட்டர் கீழே, 2010 முதல் 2013 வரை டோட்டல் நிறுவனம் சுமார் 51,000 டன் வாயுவை இறக்கியது. திராட்சைத் தோட்டங்களுக்கு அடியில்! உள்ளூர்ச் சங்கம் ஒன்று எதிர்த்தது. ஆனாலும் சோதனை நடந்து முடிந்தது.

வேண்டும், வேண்டும் என்று போட்டி போட்ட ஊர்கள்!

அமெரிக்காவில் ஃபியூச்சர்ஜென் என்று ஒரு கனவுத் திட்டம்: நிலக்கரியில் மின்சாரம், வாயு முழுவதும் மண்ணுக்குள். எங்கே கட்டுவது என்று போட்டி வைத்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் இரண்டு ஊர்கள், டெக்சாஸில் இரண்டு இடங்கள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. 2007 டிசம்பரில் இல்லினாயின் மட்டூன் வென்றது. சோள வயல்கள் சூழ்ந்த சிறு நகரம் அது, கொண்டாடித் தீர்த்தார்கள்! ஆறே வாரம். செலவு எகிறுகிறது என்று மத்திய அரசு கையை விரித்துவிட்டது.

2010-இல் திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது, ஆனால் உருவம் மாறிவிட்டது. மின் நிலையம் மெரிடோசியா என்ற வேறு ஊருக்கு. மட்டூனுக்கு? குழாயில் வரும் வாயுவைப் புதைக்க இடம் மட்டும் கொடுக்க வேண்டும். அதே மட்டூன், அதே மண், அதே பாறை. வேண்டாம் என்று விலகிவிட்டது! வேலையும் வருமானமும் பெருமையும் ஊருக்கு வருமென்றால் வாயு வரட்டும் என்றவர்கள், வாயு மட்டும் வரும் என்றதும் மறுத்தார்கள். நிலத்துக்கடியில் நடப்பதைப் பற்றிய பயம் ஒரு துளிகூட மாறவில்லை, மேலே நடப்பதுதான் மாறியது. அந்த இரண்டாவது திட்டமும் 2015-இல் நின்றுபோனது.

பச்சை மூட்டம்

இப்போது சொல்லப்போவது நெஞ்சை உலுக்கும். பயம் எல்லாம் வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020 பிப்ரவரி 22, சனிக்கிழமை, மாலை. மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற குக்கிராமம். பல வாரமாகக் கொட்டிய மழையில் ஒரு மேட்டு நிலம் ஊறிச் சரிந்தது. அதன் வழியே போன 24 அங்குலக் குழாயின் பற்றவைப்பு பிளந்தது. உள்ளே அழுத்தி அடைத்த கரியமில வாயு, எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி மிச்ச எண்ணெயை வெளியே தள்ளுவதற்காகப் போய்க்கொண்டிருந்தது. அதில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கலந்திருந்தது.

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது, பள்ளம் பார்த்து உருளும். பச்சை நிற மூட்டமாகக் கிராமத்துக்குள் இறங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தப்பிக்கலாம் என்று காரைக் கிளப்பியவர்களின் கார்கள் நின்றுவிட்டன! என்ஜினுக்கும் ஆக்சிஜன் வேண்டுமே. மக்கள் நிலைதடுமாறி விழுந்தார்கள், வாயில் நுரை தள்ளியது, நினைவு தப்பியது. காப்பாற்றப் போனவர்களுக்கு முதலில் இது என்ன வாயு என்றே தெரியவில்லை. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

விசாரணையில் வெளிவந்தவை அதிர்ச்சியானவை. குழாய் நிறுவனத்தின் கணக்குப்படி, உடைந்தால் வாயு பரவும் எல்லைக்குள் சடார்ஷியா வராது என்று இருந்தது. குழாய் வெடித்ததை உள்ளூர் மீட்புப் படையினருக்கு நிறுவனம் உடனே சொல்லவும் இல்லை. கெட்டதிலும் கெட்டது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழாய் உடையலாம், மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் குழாயில் என்ன போகிறது, உடைந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிவைக்க ஒரு நாள் போதாதா?

அந்த ஒரு மாலை, அமெரிக்காவின் நடுப்பகுதியையே புரட்டிப் போட்டது. அயோவா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் எத்தனால் ஆலைகளிலிருந்து வாயுவைச் சேர்த்து வட டகோட்டாவில் புதைக்க, 2,000 மைலுக்கும் அதிக நீளக் குழாய் போடச் சம்மிட் என்ற நிறுவனம் கிளம்பியது. அங்கே என்ன அதிசயம் தெரியுமா? சுற்றுச்சூழல் இயக்கத்தவரும், பருவநிலை மாற்றத்தையே நம்பாத பழமைவாத விவசாயிகளும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றார்கள்! எங்கள் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்பதே அவர்களை இணைத்த கோரிக்கை. குழாய்க்கு வழிவிடும் சட்டத்தை 2024 நவம்பரில் தென் டகோட்டா வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2025 மார்ச்சில், கரியமில வாயுக் குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டமே போட்டது.

பூமி அதிர்ந்தால்?

நிலநடுக்க நாடான ஜப்பானில் இதைச் செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும், அதிர்வுக்கு நடுவிலேயே! நாகவோகா என்ற இடத்தில் 2003 முதல் 2005 வரை 10,400 டன் இறக்கினார்கள். 2004 அக்டோபரில் 6.8 அளவு நிலநடுக்கம், மையம் சுமார் 20 கிலோமீட்டரில். இயந்திரம் தானாக நின்றது. சோதித்துப் பார்த்தார்கள், கசிவு இல்லை. மறுபடி தொடங்கினார்கள்.

பிறகு வந்தது ஹொக்கைடோ தீவின் தொமாகொமாய். 2016 முதல் 2019 வரை 3 லட்சம் டன் வாயு, துறைமுகத்திலிருந்து சாய்வாகத் துளைத்த கிணறுகள் வழியே கடலடிப் பாறைக்குள். ஆரம்பத்திலிருந்தே மேயரையும் மீனவர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நகராட்சிக் கட்டடத்துக்குள் ஒரு திரை: இன்று எவ்வளவு வாயு இறங்குகிறது, சுற்றிலும் எங்கே பூமி அதிர்ந்தது என்று அதில் ஓடிக்கொண்டிருக்கும். வரி கட்ட வந்தவரும் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவரும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்! பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனை வகுப்புகள் வேறு.

அந்த ஏற்பாடெல்லாம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தெரிந்தது. பக்கத்தில் பயங்கர நிலநடுக்கம், மலைச்சரிவு, 40-க்கும் மேற்பட்டோர் பலி. 2019 பிப்ரவரியில் மீண்டும் ஓர் அதிர்வு வந்தபோது, இது இந்தத் திட்டத்தால் மனிதன் உண்டாக்கிய நிலநடுக்கம் என்று சமூக வலைதளத்தில் எழுதினார் ஒருவர். யார் தெரியுமா? நாட்டின் முன்னாள் பிரதமர் யுகியோ ஹதோயாமா! ஹொக்கைடோ காவல்துறை அதை வதந்திப் பட்டியலில் சேர்த்தது. 2018 நிலநடுக்கம் பிறந்தது 37 கிலோமீட்டர் ஆழத்தில், கிணறுகளிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி. வாயு இறங்கியதோ 1 முதல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குள். தொடர்பில்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். திட்டம் குறித்த அளவை முடித்துவிட்டே நின்றது.

தென் கொரியாவின் போஹாங்கில் நேர்மாறு. 2017 நவம்பரில் 5.4 அளவு நிலநடுக்கம், பலர் காயம். அதைத் தூண்டியது ஒரு புவிவெப்ப மின் திட்டம், பூமிக்குள் நீரைச் செலுத்தியதால் என்று அரசுக் குழுவே பின்னர் உறுதி செய்தது. பக்கத்துக் கடலில் கரியமில வாயுவை இறக்கிப் பார்க்கும் ஒரு சிறு சோதனையும் அதே ஊரில் இருந்தது. பூமிக்குள் எதைச் செலுத்தினாலும் ஊர் இனிப் பொறுக்குமா? அதுவும் நின்றது. ஒருவர் உடைத்த நம்பிக்கைக்கு இன்னொருவர் விலை கொடுத்தார்.

நுரைத்த குளம்

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலம், வெய்பர்ன் எண்ணெய் வயல். 2000 முதல் அமெரிக்காவிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் வரும் கரியமில வாயுவை இங்கே இறக்குகிறார்கள். 2011 ஜனவரியில் அந்தப் பகுதிப் பண்ணையார் குடும்பம் ஒன்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது: எங்கள் குளம் நுரைக்கிறது, குமிழி விடுகிறது, விலங்குகள் செத்துக் கிடக்கின்றன, வாயு கசிகிறது! உலகம் முழுக்கச் செய்தி பரவியது.

கசிந்தது எந்த வாயு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அறிவியலின் அழகு. குழாயில் வந்தது நிலக்கரியிலிருந்து பிறந்த வாயு. நிலக்கரி பல கோடி ஆண்டுப் பழையது, ஆகவே காலப்போக்கில் சிதைந்து தீரும் கார்பன்-14 என்ற கார்பன் வகை அதில் மிச்சமில்லை. இலை தழை மட்கி மண்ணில் உண்டாகும் வாயுவில் கார்பன்-14 இருக்கும். பண்ணை மண்ணின் வாயுவை எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது! நீரையும் அதில் கரைந்திருந்த அரிய வாயுக்களையும் தனியாகச் சோதித்தார்கள். புதைத்த வாயுவல்ல, மண்ணில் இயல்பாக உண்டானது என்று 2011 இறுதியில் தனி அமைப்பு ஒன்று அறிவித்தது. குற்றச்சாட்டு வந்த செய்தியை அறிந்தவர்கள் எத்தனை பேர், இந்த முடிவை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாயுவை இறக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பண்ணையின் மண்ணையும் கிணற்றையும் சோதித்து, முடிவை அந்தந்தக் குடும்பத்திடம் கொடுத்திருந்தால் அந்தப் பதற்றமே வந்திருக்காது.

ஆஸ்திரேலியாவின் ஆட்வேயில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். பால் பண்ணைகள் நிறைந்த பகுதி, 2008-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம். நிலத்தடி நீரையும் மண்ணையும் தொடர்ந்து சோதித்தார்கள், ஊரோடு பேசுவதற்கென்றே ஒருவரை வைத்தார்கள்.

பணத்துக்காகத்தான் என்று சொன்னால் நம்புகிறார்கள்!

இது எனக்கு மிகவும் பிடித்த தகவல். மீண்டும் அதே லைடன் ஆய்வாளர்கள். எண்ணெய் நிறுவனம் ஒன்று, சுற்றுச்சூழலைக் காக்கவே இந்த வாயுவைப் புதைக்கிறோம் என்று சொல்வதாக ஒரு சாராருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு, இதில் எங்களுக்குப் பொருளாதார லாபம் இருக்கிறது என்று அதே நிறுவனம் சொல்வதாக. யாரை அதிகம் நம்பினார்கள்? லாபம் என்று சொன்னவரை! எண்ணெய் நிறுவனம் பூமிப் பாசம் பேசினால், உள்ளே எதையோ மறைக்கிறது என்று மக்கள் சந்தேகிக்கிறார்கள். பொதுவாகவே நிறுவனங்களைவிடச் சுற்றுச்சூழல் அமைப்புகளைத்தான் அவர்கள் அதிகம் நம்புகிறார்கள். அந்த அமைப்புகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை: நார்வேயின் பெல்லோனா இந்தத் தொழில்நுட்பத்துக்காகப் போராடுகிறது, கிரீன்பீஸ் 2008-இல் இதைப் பொய்யான நம்பிக்கை என்றே அறிக்கை வெளியிட்டது.

கிரீன்பீஸின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. புகையைப் புதைக்கலாம் என்று ஆனபின் நிலக்கரியையும் எண்ணெயையும் நிறுத்த யார் அவசரப்படுவார்கள்? சிமெண்ட் ஆலையின் நிலை மட்டும் வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே, கல்லுக்குள்ளிருந்தே வாயு வெளியேறுகிறது. சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அது நிற்காது. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் ஆலை 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பிடித்த வாயுவைக் கப்பலில் ஏற்றி, 100 கிலோமீட்டர் கடலடிக் குழாயில் அனுப்பி, கடல் தரைக்கு 2,600 மீட்டர் கீழே 2025 ஆகஸ்டில் இறக்க ஆரம்பித்தார்கள். நார்வே மக்களிடம் பெரிய எதிர்ப்பு இல்லை.

யாருடைய வாயு?

கடைசியாக ஐஸ்லாந்து. அங்கே ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின் நிலையத்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற நிறுவனம் செய்வது மந்திரம்போல இருக்கும்: கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால், அது கல்லாகிவிடுகிறது! பல நூற்றாண்டுகள் ஆகும் என்று நினைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டது என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னபோது உலகமே வாய்பிளந்தது. கல்லான வாயு எப்படிக் கசியும்? பயமே வேண்டாமே!

அதே நிறுவனம், அதே வகைப் பாறை, அதே முறை. தலைநகருக்குப் பக்கத்தில் ஹாஃப்னர்ஃபியோர்தூர் நகர எல்லையில் ஆண்டுக்கு 30 லட்சம் டன் வரை இறக்கப் போகிறோம் என்றதும் ஊர் கொதித்தது. நிலத்தடி நீர் என்ன ஆகும், வீடுகளுக்கு இத்தனை அருகிலா என்று கேட்டார்கள், கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், ஊர் வாக்கெடுப்பு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. 2025 ஜனவரியில் கார்ப்ஃபிக்ஸ் அங்கிருந்து விலகிக்கொண்டது.

ஹெல்லிஷெய்டியில் கல்லாவது, அந்த நாட்டு மின் நிலையமே வெளியிடும் வாயு. ஹாஃப்னர்ஃபியோர்தூருக்கு வரவிருந்ததோ, ஐரோப்பியத் தொழிற்சாலைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் வாயு. ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்விலும் இதே போக்கைத்தான் கண்டார்கள்: சொந்த நாட்டு வாயுவைத் தங்கள் மண்ணில் புதைப்பதற்கு ஓரளவு ஒத்துக்கொள்பவர்கள்கூட, பிற நாட்டு வாயு என்றதும் தயங்குகிறார்கள்.